படிநிலை வரம்பும் ஆட்ட நேர்மையும்

மல்யுத்தக் களத்தில் ஐம்பது கிலோ எடையுள்ள வீரரையும் நூறு கிலோ எடையுள்ள வீரரையும் எதிரெதிரே நிறுத்துவதில்லை. ஓட்டப் பந்தயத்தில் சிறுவரையும் பெரியவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் போட்டிக்குப் பொருள் இல்லை என்பதே இதற்குக் காரணம். இணையத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் கூடி ஆடும் வேடமேற்பு விளையாட்டுகளிலும் இதே பிரச்சினை எழுகின்றது. அங்கு எடை இல்லை. வயதும் கணக்கில் வருவதில்லை. அவற்றின் இடத்தில் நிற்பது, 'லெவல்' என ஆட்டக்காரர்கள் வழங்கும் படிநிலை ஆகும். எந்தப் படிநிலையினரை எவருடன் சேர்ப்பது, வரம்பை எங்கே கட்டுவது என்பது சிறு நிர்வாக விஷயம் போலத் தோன்றினும், அதனுள் நுட்பமான கணக்கு ஒன்று அடங்கியுள்ளது. பள்ளி விளையாட்டு விழாவுக்கும் கிராம இளைஞர் பந்தயத்துக்கும் அக்கணக்கு பொருந்துவதாகையால், அதனைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது.

ஆட்டத்தின் அமைப்பு

இவ்வகை ஆட்டத்தில் ஒவ்வொருவரும் போர்வீரன், மந்திரவாதி, வைத்தியன், வேடன் முதலிய பாத்திரங்களுள் ஒன்றை ஏற்கின்றனர். பகைவரை வென்றும், ஏவிய பணிகளை முடித்தும் அனுபவப் புள்ளிகளைச் சேர்க்கின்றனர். குறித்த அளவு புள்ளிகள் சேர்ந்தவுடன் பாத்திரம் ஒரு படி உயர்கின்றது. உயரும்தோறும் அதன் உயிர்ப்புள்ளிகளும் தாக்கும் வலிமையும் பெருகுகின்றன. முன்னர் ஏந்த இயலாத ஆயுதங்களையும் கவசங்களையும் அது ஏந்தலாம்.

இதனால் இரு தரப்பாரின் உரிமைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நேற்று வந்து சேர்ந்த புதியவருக்கு, வெல்லக்கூடிய போட்டி ஒன்று வேண்டும். வந்த அன்றே பலமுறை வீழ்த்தப்பட்டவர் மறுநாள் வருவதில்லை. புதியவர் வராத ஆட்டம் நாளடைவில் ஆளற்றுப் போகின்றது. மறுபுறம், பல மாதங்கள் முயன்று உயர்ந்தவருக்கு அம்முயற்சியின் பயன் கிடைத்தல் வேண்டும். உயர்ந்தவரையும் புதியவரையும் முற்றிலும் சமமாக்கிவிட்டால், முயன்றவருக்கு அநீதி நேர்கின்றது. இவ்விரு நியாயங்களுக்கும் இடையே கட்டப்படும் வேலியே படிநிலை வரம்பு.

படிநிலை வந்த வரலாறு

படிநிலை என்னும் கருத்து இணையத்துக்கு முற்பட்டது. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம், மேசையைச் சுற்றி அமர்ந்து தாளும் பகடையும் கொண்டு ஆடப்படுவது. அதில் நடுவர் ஒருவர் உண்டு. அணியில் உள்ளோரின் வலிமையைக் கண்டு, எதிரிகளின் எண்ணிக்கையை அவர் கூட்டியும் குறைத்தும் ஆட்டத்தை நடத்துவார். ஆகவே ஏற்றத்தாழ்வு அவ்வப்போது அவரது கண்ணாலேயே திருத்தப்பட்டது.

1978 இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்னும் ஆட்டம், பலர் ஒரே கணிப்பொறியுடன் இணைந்து எழுத்து வடிவில் ஆடுவதாக அமைந்தது. பின்னர் 1999 இல் 'எவர்க்வெஸ்ட்', 2004 இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' முதலிய பெரிய ஆட்டங்கள் தோன்றின. ஆடுவோர் பல்லாயிரமாகப் பெருகியபோது, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நடுவரை அமர்த்துவது இயலாததாயிற்று. நடுவரின் கண் செய்துவந்த வேலையை ஓர் எண் செய்ய வேண்டியதாயிற்று. அவ்வெண்ணை எவ்வாறு வகுப்பது என்பதில்தான் தவறு நேரக்கூடும்.

வேறுபாடா, விகிதமா?

வரம்பு கட்டுவோருக்கு முதலில் தோன்றும் வழி, படிநிலைகளைச் சமமான கூறுகளாகப் பிரிப்பது. 10 முதல் 19 வரை ஒரு பிரிவு. 20 முதல் 29 வரை மற்றொரு பிரிவு என்று இவ்வாறே மேலே செல்வது. பார்வைக்கு இது நேர்மையாகத் தோன்றும். ஒவ்வொரு பிரிவிலும் மேலோனுக்கும் கீழோனுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்பதே படிகள் அல்லவா? ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறாகின்றது.

ஓர் எளிய ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்க. அதில் ஒவ்வொரு படிக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். ஒரு வீச்சு எதிரிக்கு விளைக்கும் சேதம் படிக்கு 2 புள்ளிகள். 10 ஆம் படிநிலை வீரனுக்கு 200 உயிர்ப்புள்ளிகளும் 20 புள்ளி சேதம் விளைக்கும் வீச்சும் உண்டு. 19 ஆம் படிநிலை வீரனுக்கு 380 உயிர்ப்புள்ளிகள். அவன் வீச்சு 38 புள்ளிகள். மேலோன் கீழோனை வீழ்த்த 6 வீச்சுகள் போதும். கீழோன் மேலோனை வீழ்த்த 19 வீச்சுகள் வேண்டும். எதிரியின் ஒவ்வொரு 19 வீச்சிலும் 13 ஐத் தவிர்த்தாலன்றிக் கீழோன் சமநிலை அடைய இயலாது. இது திறமையால் ஈடுசெய்யக்கூடிய இடைவெளி அன்று.

அதே ஆட்டத்தில் 50 ஆம் படிநிலையையும் 59 ஆம் படிநிலையையும் ஒப்பிடுக. இங்கும் வேறுபாடு ஒன்பதே படிகள். கீழோனுக்கு 1000 உயிர்ப்புள்ளிகள், வீச்சு 100 புள்ளிகள். மேலோனுக்கு 1180 உயிர்ப்புள்ளிகள், வீச்சு 118 புள்ளிகள். மேலோனுக்கு வேண்டியவை 9 வீச்சுகள். கீழோனுக்கு வேண்டியவை 12. எதிரியின் நான்கு வீச்சுகளில் ஒன்றைத் தவிர்க்கும் திறமை இருந்தால் கீழோன் சமநிலை எய்துகின்றான். இது உண்மையான போட்டி.

இதன் காரணம் எளிது. ஒருவனுடைய போர்வலிமை, அவன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றான், எவ்வளவு கடுமையாகத் தாக்குகின்றான் என்னும் இரண்டின் பெருக்குத்தொகையாகும். இரண்டும் படிநிலைக்கு நேர்விகிதத்தில் வளருமாயின், வலிமை படிநிலையின் வர்க்கத்தைப் போல வளர்கின்றது. 19 க்கும் 10 க்கும் உள்ள விகிதம் 1.9, அதன் வர்க்கம் 3.61. 59 க்கும் 50 க்கும் உள்ள விகிதம் 1.18, அதன் வர்க்கம் 1.39. சம அகலமுள்ள பிரிவுகள் கீழ்ப்படியில் நிற்கும் புதியவரையே மிகுதியாக வருத்துகின்றன. எவருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவருக்கே அது குறைவாகக் கிட்டுகின்றது.

விகிதத்தால் வகுத்த வரம்பு

வேறுபாட்டை விடுத்து விகிதத்தை அடிப்படையாகக் கொண்டால், மேற்கூறிய ஆட்டத்தின் பிரிவுகளைப் பின்வருமாறு அமைக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் மேற்படி, கீழ்ப்படியைப் போல் ஒன்றேமூன்றில் ஒரு பங்கு மடங்குக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது விதி.

முதற்பிரிவு: 10 முதல் 13 வரை
இரண்டாம் பிரிவு: 14 முதல் 18 வரை
மூன்றாம் பிரிவு: 19 முதல் 25 வரை
நான்காம் பிரிவு: 26 முதல் 34 வரை
ஐந்தாம் பிரிவு: 35 முதல் 46 வரை
ஆறாம் பிரிவு: 47 முதல் 60 வரை

சம அகலப் பிரிவுகளும் 60 ஆம் படியைத் தனியே கொண்டால் ஆறே ஆகும். பிரிவுகளின் எண்ணிக்கை கூடவில்லை. எனினும் மிக மோசமான பிரிவில் வலிமை விகிதம் 3.61 இலிருந்து 1.73 ஆகக் குறைந்துவிட்டது. கீழே குறுகியும் மேலே அகன்றும் செல்லும் இவ்வமைப்பு, செலவு எதுவுமின்றிப் புதியவருக்குக் கிடைக்கும் நன்மையாகும்.

'எவர்க்வெஸ்ட்' ஆட்டத்தில், குழுவாகச் சேர்ந்து ஆடுவோர் அனுபவப் புள்ளிகளைப் பகிர்ந்துகொள்வதற்கு விகித விதியே பின்பற்றப்பட்டது. உயர்ந்தவரின் படிநிலை தாழ்ந்தவரின் படிநிலையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது அதன் பொது விதி. 50 ஆம் படிநிலையினர் 34 ஆம் படிநிலையினர் வரை குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். 2001 இல் வெளிவந்த 'டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்' ஆட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் 'திட்ராங்கி' என்னும் போர்க்களம் 20 முதல் 24 வரையுள்ள படிநிலையினருக்கே திறந்திருந்தது. அங்கு விகிதம் 1.2 மட்டுமே.

ஆயினும் விகித விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆட்டங்களுக்கும் பொருத்துதல் கூடாது. சில ஆட்டங்களில் வலிமை கூட்டுவட்டியைப் போல வளர்கின்றது. ஒவ்வொரு படிக்கும் வலிமை நூற்றுக்கு ஐந்து வீதம் பெருகுமாயின், ஒன்பது படிகளின் இடைவெளி எங்கு எடுத்தாலும் ஏறத்தாழ 1.55 மடங்கே ஆகும். அத்தகைய ஆட்டத்தில் சம அகலப் பிரிவுகளே நேர்மையானவை. ஆகவே படிநிலையின் எண்ணை நோக்கி வரம்பு கட்டாமல், அவ்வெண் குறிக்கும் வலிமை எவ்வாறு வளர்கின்றது என்று முதலில் அளந்தறிதல் வேண்டும். வரம்பின் இரு முனைகளிலும் உள்ள வலிமைகளின் விகிதம் எல்லாப் பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே நேர்மையின் அளவுகோல்.

எடைப் பிரிவு தரும் சான்று

இக்கருத்து விளையாட்டுத் துறைக்குப் புதியது அன்று. 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் 57, 65, 74, 86, 97, 125 கிலோ என்னும் ஆறு எடைப் பிரிவுகளில் நடைபெற்றது. அடுத்தடுத்த பிரிவுகளின் வேறுபாடுகள் 8, 9, 12, 11, 28 கிலோ ஆகும். இவை ஒழுங்கின்றித் தோன்றுகின்றன. விகிதங்களைக் கணக்கிட்டாலோ முறையே 1.14, 1.14, 1.16, 1.13, 1.29 கிடைக்கின்றன. கடைசிப் பிரிவு நீங்கலாக ஏனையவை ஏறத்தாழ ஒரே அளவாக அமைந்துள்ளன. எட்டுக் கிலோ வேறுபாடு மெலிந்தவருக்குப் பெரிது; பருத்தவருக்குச் சிறிது. இவ்வுண்மை அப்பிரிவுகளில் தானாகவே வெளிப்படுகின்றது.

அணியில் ஒருவர் வலிமை குன்றினால்

தனியாள் போட்டியில் ஏற்றத்தாழ்வு ஒருவரை மட்டுமே பாதிக்கின்றது. அணிப் போட்டியில் அதன் விளைவு பரவுகின்றது. பிரிட்டிஷ் பொறியியலாளர் பிரெடரிக் லான்செஸ்டர் வான்போரைப் பற்றி 1916 இல் வெளியிட்ட நூலில் இதனைக் கணித வடிவில் விளக்கினார். ஒவ்வொருவரும் எதிரணியில் எவரையும் தாக்கக்கூடிய போரில், அணியின் வலிமை ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வளராமல், அவ்வெண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கின்றது என்பது அவர் விதி.

சமத் திறமையுள்ள பத்துப் பேரும் பத்துப் பேரும் பொருதும்போது, ஓரணியில் வலிமை குன்றிய ஒருவர் தொடக்கத்திலேயே வீழ்ந்துவிட்டார் என்க. இனி ஒன்பது பேர் பத்துப் பேரை எதிர்க்கின்றனர். 10 இன் வர்க்கம் 100, 9 இன் வர்க்கம் 81, மிகுதி 19. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.4. அதாவது, ஒன்பது பேரும் அழிந்தபோது எதிரணியில் நால்வருக்கு மேல் நின்றிருப்பர். ஒரே ஒருவரின் இழப்பு பெருந்தோல்வியாக விரிந்துவிடுகின்றது.

புதியவர் மீது தோழர்கள் கொள்ளும் வெறுப்புக்குக் காரணம் இங்கே விளங்குகின்றது. அவர் எதிரியிடம் அடி வாங்குவதோடு, தம் அணியினரின் ஏச்சையும் கேட்கின்றார். பிழையோ அவருடையது அன்று. அவரை அவ்வணியில் சேர்த்த வரம்பினுடையது. ஆகையால் அணிப் போட்டிகளில் வரம்பு இன்னும் குறுகலாக இருத்தல் நலம்; அன்றேல் இரு அணிகளிலும் தாழ்ந்த படிநிலையினரைச் சம எண்ணிக்கையில் பங்கிட வேண்டும்.

குறுகிய வரம்பின் விலை

அவ்வாறாயின் ஒவ்வொரு படிநிலைக்கும் தனிப்போட்டி வைத்துவிடலாமே என்னும் கேள்வி எழலாம். அதற்குத் தடையாக நிற்பது காத்திருக்கும் நேரம். ஓர் ஆட்டத்தில் மணிக்கு 480 பேர் போட்டிக்குப் பதிவு செய்கின்றனர் என்றும், ஒரு போட்டிக்கு 20 பேர் தேவை என்றும், எல்லாப் படிகளிலும் ஆட்கள் சமமாகப் பரவியுள்ளனர் என்றும் கொள்க. ஆறு பிரிவுகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 80 பேர் சேர்வர். கால் மணிக்கு ஒரு போட்டி தொடங்கும். பன்னிரண்டு பிரிவுகளாக்கினால் அரை மணிக்கு ஒரு போட்டியே நடைபெறும். 10 முதல் 60 வரையுள்ள 51 படிகளையும் தனித்தனியே பிரித்துவிட்டால், ஒரு போட்டிக்கு ஆட்கள் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வு பெற்று ஆட வந்தவருக்கு அத்தகைய நேர்மையால் பயன் இல்லை.

மேலும், ஆட்கள் எல்லாப் படிகளிலும் சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. ஆட்டம் தொடங்கிய சில வாரங்களில் கீழ்ப்படிகளில் கூட்டம் நெருக்கும். ஆண்டுகள் சென்றபின் பெரும்பாலோர் உச்சிப் படிநிலையை அடைந்துவிடுவர். கீழே புதியவர் சிலரே தனித்து நிற்பர். தொடக்க நாளில் பொருத்தமாயிருந்த வரம்பு பின்னாளில் வெற்றிடமாகிவிடும். எனவே மக்கட்கணக்கெடுப்பைப் போல, ஆட்டக்காரரின் பரவலைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை எண்ணி வரம்புகளைத் திருத்தி அமைத்தல் வேண்டும்.

இதற்கு நடைமுறையில் கையாளப்படும் ஒரு வழி, விரியும் வரம்பு. ஒருவர் பதிவு செய்தவுடன் அவருக்கு மிக நெருங்கிய வலிமையுடையோர் மட்டுமே தேடப்படுகின்றனர். சில நிமிடங்களில் ஆள் கிட்டாவிடில் வரம்பு சிறிது அகலும்; மேலும் காத்திருந்தால் மேலும் அகலும். நேர்மைக்கும் நேரத்துக்கும் இடையே ஒரேயடியாக முடிவு செய்துவிடாமல், வேளைக்கேற்ப இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் முறை இது.

வரம்பின் மேல்விளிம்பு

எங்கே வரம்பு கட்டினாலும் அதன் மேல்விளிம்பில் ஒரு கூட்டம் சேர்ந்துவிடுவது இயல்பு. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் 2005 இல் போர்க்களங்கள் திறக்கப்பட்டன. அவற்றின் பிரிவுகள் பத்துப் பத்துப் படிநிலைகளாக அமைந்தன. அனுபவம் மிக்க ஆட்டக்காரர் சிலர் புதிய பாத்திரம் ஒன்றைத் தொடங்கி, அதனை 19 ஆம் படிநிலையில் நிறுத்திவைத்தனர். தம் உயர்ந்த பாத்திரம் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு, அப்படிநிலையில் அணியக்கூடிய மிகச் சிறந்த ஆயுதங்களையும் அரிய மந்திரப் பூட்டுகளையும் அதற்கு வாங்கித் தந்தனர். 'ட்விங்க்' என்று பெயர் பெற்ற இப்பாத்திரங்களின் முன், இயல்பாக வளர்ந்துவரும் 12 ஆம் படிநிலையினர் நிற்க இயலவில்லை. படிநிலை என்னும் எண் வலிமையை முழுமையாகக் காட்டத் தவறியதே இதன் மூலகாரணம்.

இதற்கு 2009 ஆகஸ்டில் கண்ட தீர்வு கருதத்தக்கது. போர்க்களத்தில் ஆடுவோருக்கும் அனுபவப் புள்ளிகள் வழங்கப்பட்டன. ஆகவே எவரும் விளிம்பில் தங்கிவிட இயலாமல் தாமே மேலே ஏறினர். தங்கவே விரும்புவோர் ஆட்டத்துக்குள் வழங்கும் பொற்காசு பத்துச் செலுத்தி அனுபவம் சேர்வதை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அத்தகையோர் தம்மைப் போன்றோருடன் மட்டுமே மோதும்படி தனியே பிரிக்கப்பட்டனர். ஒருவரது விருப்பத்தைத் தடுக்காமல், அவ்விருப்பத்தால் பிறருக்கு நேரும் தீங்கை மட்டும் நீக்கிய ஏற்பாடு இது.

உண்மைக் களங்களிலும் விளிம்பின் இழுப்பு வலியது. மல்யுத்த வீரர் பலர் தம் இயல்பான எடையைக் குறைத்துக்கொண்டு கீழ்ப்பிரிவில் இறங்குகின்றனர். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற இந்திய வீராங்கனை விநேஷ் போகாட், போட்டி நாளான 2024 ஆகஸ்ட் 7 அன்று காலை எடையில் 100 கிராம் மிகுதியாயிருந்தமையால் தகுதி நீக்கம் பெற்றார். வரம்பு என்பது எவ்வளவு மெல்லிய கோடு என்பதையும், அதன் இரு மருங்கும் எவ்வளவு வேறுபட்டவை என்பதையும் அந்நிகழ்ச்சி நாடு முழுவதும் உணரச் செய்தது.

படிநிலையை இடத்துக்கேற்ப மாற்றுதல்

போட்டியாக அன்றி, நண்பர்கள் கூடி ஒரு பணியை முடிக்கும் ஆட்டங்களில் பிரச்சினை வேறு உருவம் கொள்கின்றது. அண்ணன் 50 ஆம் படிநிலையிலும் தம்பி 10 ஆம் படிநிலையிலும் இருந்தால் இருவரும் சேர்ந்து ஆடுவது எவ்வாறு? வேலி அவர்களைப் பிரித்துவிடும். 2004 இல் வெளிவந்த 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' ஆட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. தாழ்ந்தவர் உயர்ந்தவருக்குத் துணைவராக இணைந்தால், அவரது படிநிலை தற்காலிகமாக உயர்ந்தவருக்கு ஒரு படி கீழே வரை ஏற்றப்படும். 2008 இல் 'ஃபைனல் ஃபேன்டசி லெவன்' ஆட்டம், குழுவினர் அனைவரையும் தேர்ந்த ஒருவரின் படிநிலைக்கு இறக்கும் முறையைக் கொணர்ந்தது.

பின்னர் ஆட்ட உலகம் முழுவதையுமே இவ்வாறு அமைக்கத் தலைப்பட்டனர். 2012 இல் வெளிவந்த 'கில்ட் வார்ஸ் 2' ஆட்டத்தில், உயர்ந்த படிநிலையினர் தாழ்ந்த நிலப்பகுதிக்குள் நுழைந்தால் அவரது வலிமை அப்பகுதிக்கேற்பக் குறைக்கப்படும். முறைப்படுத்திய போட்டிக்களத்திலோ அனைவரும் உச்சமாகிய 80 ஆம் படிநிலையினராகவே கொள்ளப்படுவர். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' 2016 இலும், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2018 ஜனவரியிலும் இத்தகைய மாற்றங்களைச் செய்தன. பின்னதில், குறுகிய வரம்புக்குட்பட்டிருந்த நிலப்பகுதிகள் பல 10 முதல் 60 வரையுள்ள எவரும் ஆடத்தக்கனவாயின.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 2006 இல் வெளிவந்த 'ஆப்லிவியன்' என்னும் தனியாள் ஆட்டத்தில், ஆடுபவர் உயரும்தோறும் உலகத்தில் உள்ள எதிரிகளும் பெரும்பாலும் உடனுயர்ந்தனர். வழிப்பறிக் கள்வரும் விலையுயர்ந்த கவசம் அணிந்து வரக் கண்ட ஆட்டக்காரர் பலர் குறை கூறினர். ஏறிய உயரம் தெரிய வேண்டுமாயின், ஏறாமல் நிற்கும் ஒன்று அருகில் இருத்தல் வேண்டும். முழுச் சமன்பாடு புதியவரைக் காக்கின்றது. முயன்றவரின் பயனைக் கரைத்துவிடுகின்றது.

தரப்புள்ளி முறை

படிநிலை, ஒருவர் எவ்வளவு காலம் ஆடினார் என்பதைக் காட்டுகின்றது; எவ்வளவு நன்றாக ஆடுகின்றார் என்பதைக் காட்டுவதில்லை. இக்குறையை நீக்கச் சதுரங்க உலகம் முன்னரே ஒரு கருவியைக் கண்டிருந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த, ஹங்கேரியில் பிறந்த பௌதிகப் பேராசிரியர் அர்ப்பாத் எலோ வகுத்த தரப்புள்ளி முறையை, 1960 இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970 இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டன. அதன்படி, இருவரின் புள்ளிகள் சமமாயின் வெற்றி வாய்ப்புப் பாதிக்குப் பாதி. 200 புள்ளிகள் மிகுந்தவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகளை ஈட்டுவார் என்றும், 400 மிகுந்தவர் ஏறத்தாழ 91 ஈட்டுவார் என்றும் எதிர்பார்க்கப்படும். எதிர்பார்த்ததற்கு மேல் ஈட்டினால் தரம் ஏறும், குறைந்தால் இறங்கும்.

இங்கும் உள்ளே இயங்குவது விகிதமே. 400 புள்ளி வேறுபாடு என்பது, வெற்றி வாய்ப்பு பத்துக்கு ஒன்று என்னும் விகிதத்தைக் குறிக்கின்றது. எலோவின் அளவுகோல் மடக்கை அளவுகோல். ஆகையால் அதில் சம வேறுபாடு எங்கும் சம விகிதமாகின்றது. வெறும் படிநிலைக்கு இல்லாத இப்பண்பே தரப்புள்ளியின் சிறப்பு.

புதிதாக வந்தவரின் தரம் எவருக்கும் தெரியாது என்பது இம்முறையின் சிக்கல். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தினர் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கென அமைத்த 'ட்ரூஸ்கில்' முறை, ஒருவரின் தரத்தோடு அத்தரத்தைப் பற்றிய ஐயத்தின் அளவையும் சேர்த்துக் குறிக்கின்றது. ஆட்டங்கள் பெருகப் பெருக ஐயம் சுருங்குகின்றது. அறியாததை அறிந்ததாகக் கொள்ளாமை விஞ்ஞான முறையின் அடிப்படை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பள்ளிக்கும் களத்துக்கும் உரிய பாடம்

இந்தியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்னும் பிரிவுகளில் நடைபெறுகின்றன. இவையும் வரம்புகளே, இவற்றுக்கும் மேல்விளிம்பு உண்டு. கனடா நாட்டில் பனிக்கட்டி ஹாக்கி ஆடும் இளைஞரை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆராய்ந்தோரும், சிறந்த அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுதியாகவும், கடைசி மாதங்களில் பிறந்தோர் குறைவாகவும் இருப்பதை 1985 இல் வெளியிட்டனர். வயது கணக்கிடும் நாள் ஜனவரி முதல் தேதியாக இருந்ததே காரணம். ஒரே பிரிவில் ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர், திறமை மிக்கவராகத் தோன்றித் தேர்வு பெற்றனர். தேர்வு பெற்றதால் நல்ல பயிற்சியும் பெற்றனர். இளையவர் திறமையற்றவர் எனக் கருதப்பட்டு விலகினர். 12 ஆம் படிநிலையில் வீழ்த்தப்பட்டு ஆட்டத்தை விட்டு நீங்கியவரின் கதையும் இதுவே. ஆட்டத்தில் இழப்பு ஒரு பொழுதுபோக்கு. பள்ளியில் இழப்பு ஒரு குழந்தையின் நம்பிக்கை.

ஆகவே போட்டிகளை நடத்தும் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் கருதவேண்டியவை நான்கு. முதலாவது, பிரிவின் அகலத்தை எண்ணால் அளவாமல், அதன் இரு முனைகளிலும் உள்ளோரின் வலிமை விகிதத்தால் அளத்தல். இரண்டாவது, இளைய பிரிவுகளில் வரம்பைக் குறுக்கி, மேலே செல்லச் செல்ல அகற்றுதல். மூன்றாவது, அணிகளை அமைக்கும்போது வலிமை குன்றியோரை இரு பக்கமும் சமமாகப் பங்கிடுதல். நான்காவது, ஒரு முறை கட்டிய வரம்பை ஆண்டுதோறும் வருகைப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துதல்.

கணித வகுப்பிலும் இப்பொருளைப் பயன்படுத்தலாம். மாணவர்கள் அறிந்த ஆட்டம் ஒன்றின் படிநிலைகளையும், ஒவ்வொன்றுக்குமுரிய உயிர்ப்புள்ளிகளையும் தாக்கும் வலிமையையும் அட்டவணையாக எழுதச் செய்க. இரண்டையும் பெருக்கி வலிமையைக் காணச் செய்து, வரைபடத் தாளில் குறிக்கச் செய்க. வளர்ச்சி வர்க்கத்தைப் போன்றதா, கூட்டுவட்டியைப் போன்றதா என்பது வரைபடத்திலேயே புலப்படும். அதன்பின் ஆறு பிரிவுகளாக வகுத்து, எப்பிரிவிலும் விகிதம் இரண்டுக்கு மிகாதவாறு வரம்பு கட்டும்படி அவர்களிடமே விடுக. விகிதம், பெருக்குத்தொடர், மடக்கை ஆகியவற்றை ஏட்டில் மட்டும் கண்ட மாணவர், அவை ஒரு புதியவனுக்கு நீதி வழங்கும் கருவிகள் என்பதையும் அப்போது காண்பர்.